அடிவார டெலிவரி

உளுந்தூர்பேட்டை குடோனிலிருந்து வரும் லாரி விடிவதற்கு முன்பே வந்து நின்றுவிடும். கச்சிராயபாளையம் சாலையில் ஓட்டம் நின்றுபோன ஓர் அரிசி ஆலைதான் எங்கள் ஹப். தவிட்டு வாசனை இன்னும் போகவில்லை. மூட்டையை முதுகில் ஏற்றி, ஈரச் சிமெண்டுத் தரையில் வழுக்காமல் நடந்து, இறக்கி, பிரித்து, ஒவ்வொரு பெட்டியையும் ஸ்கேனரில் காட்ட வேண்டும். அட்டைத் தூசி மூக்கில் ஏறும். மூட்டை கட்டிய பிளாஸ்டிக் நாடா விரல் நுனியைக் கீறும். பிறகு, ஆளில் பாதி உயரமுள்ள பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பைக்கை உதைக்கும்போதுதான் கிழக்கே வெளுக்கும். இவ்வளவு செய்தும் எங்களைத் தொழிலாளி என்று யாரும் சொல்லிவிட முடியாது. 'மின்னல்கூடை' நிறுவனத்தில் நாங்கள் பங்குதாரர்கள். பங்கு எங்கே என்று கேட்ட ஒருவர் மறுநாள் முதல் பங்குதாரராக இல்லை.

ஆடித் தள்ளுபடியோடு கல்வராயன் மலையும் 'நாளையே கையில்' திட்டத்துக்குள் வந்தது. இரவு தூங்கப்போகும் முன் ஆர்டர் போட்டால் மறுநாள் மதியச் சோற்றுக்குள் பொருள் வாசலில் இருக்கும் என்று விளம்பரம். நிறுவனத்தில் யாரோ வரைபடத்தில் கள்ளக்குறிச்சிக்கும் வெள்ளிமலைக்கும் நடுவே ஒரு நேர்கோடு போட்டு, அதற்குத் தக்கபடி எங்களுக்கு நேரம் குறித்திருந்தார்கள். காக்கைக்கு அந்த நேரம் தாராளம். வளைந்து வளைந்து ஏறுகிறவனுக்கு ஒருபோதும் போதாது. தாமதமானால் பெட்டிக்குக் கூலி இல்லை. தாமதம் தொடர்ந்தால் செயலியில் எங்கள் ஐடியே முடங்கும், வேலை போகும்.

எங்களில் சுபைர் ஒரு தனி ரகம். அவனுடைய அத்தா கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். விலையை முதலில் ஏற்றி, பிறகு பாதியாக்கி விற்கும் வித்தை அவருக்குத் தெரியாது. எதிர்வீட்டுக்காரர்களே மின்னல்கூடையில் புடவை வாங்கத் தொடங்கியதும், மகன் அந்தப் புடவைகளைச் சுமக்கும் வேலைக்கு வந்துவிட்டான். "குடும்பத் தொழில வுடலடா. வேற வாசல்ல செஞ்சிக்கினு இருக்கேன்" என்பான்.

நேரத்தை வெல்ல எங்களுக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்தவர், ஹப்பைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் சிவசங்கர். கோமுகி அணையைத் தாண்டி, மலை ஏறத் தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்து. வாடிக்கையாளருக்குப் போன் போடு. அவர் போனுக்கு வந்திருக்கும் ரகசிய எண்ணை வாங்கிச் செயலியில் அழுத்து. பெட்டி உன் முதுகில்தான் இருக்கும், ஆனால் கொடுத்தாயிற்று என்று திரையில் பச்சை விழுந்துவிடும். அப்புறம் ஏறு. இதற்கு நாங்கள் வைத்த பெயர் அடிவார டெலிவரி.

பொருளைக் கண்ணால் பார்க்காமல் எண்ணைச் சொல்ல டவுனில் ஆள் கிடையாது. மலைக்காரர்கள் சொன்னார்கள். நாங்களும் ஒருவரையும் ஏமாற்றியதில்லை. நிறுவனம் விளம்பரம் செய்த மின்னல் வேகம் முழுவதும் இந்த நம்பிக்கையில்தான் ஓடியது.

அன்றைக்கு எங்களில் ஒருவனான கலையரசனின் பையில் பாப்பாத்தியக்காவின் குக்கர் இருந்தது. வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் சாமை விதைக்கிற பெண் அவர்.

"யக்கா, கலையரசன். நம்பரச் சொல்லு."

"எங்க இருக்க?"

"அடிவாரத்துல."

"அப்ப ஒலைய வெக்கறதா வேணாமா?"

"இந்த ஒரு வேள வெறகுல வெச்சிடு யக்கா. ராத்திரிக்கு விசில் அடிக்கலாம்."

எண்ணை வாங்கினான். அழுத்தினான். பச்சை விழுந்தது. நானும் சுபைரும் பின்னால் வர, அவன் முன்னால் ஏறினான். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு வளைவில் மேலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப் இறங்கியது. அவன் ஒதுங்கினான். ஈரச் சருகில் பின்சக்கரம் போனது. பையின் கனம் அவனைப் பள்ளத்தின் பக்கம் இழுத்து, பாதையோரக் கல்லில் அடித்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வலது கால், கால் மடங்காத இடத்தில் மடங்கியிருந்தது. பெட்டிகள் ரோடெல்லாம் கிடந்தன. குக்கர் மட்டும் மரங்களுக்கு நடுவே உருண்டு, டங் டங்கென்று சத்தம் போட்டுக்கொண்டு கீழே போய்விட்டது.

ஜீப்பில் வந்தவர்கள் இறங்கிக்கொண்டு அவனுக்கு இடம் விட்டார்கள். அவனைக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்த அதே நேரத்தில் பாப்பாத்தியக்காவின் போனுக்கு ஒரு செய்தி போயிருக்கிறது: 'உங்கள் டெலிவரி அனுபவம் எப்படி இருந்தது?'

எலும்பில் தகடு வைக்க வேண்டும் என்றார் மருத்துவர். வேலையில் அடிபட்டால் செலவை நிறுவனம் ஏற்கும் என்பது எங்களைச் சேர்க்கும்போது சொன்னது. சிவசங்கரிடம் போனோம். அவர் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"டெலிவரி முடிஞ்சிடுச்சு. அதுக்கு அப்புறந்தான் வுழுந்திருக்கான். கம்பெனி எப்படிப்பா குடுக்கும்?"

"அப்ப மல மேல எதுக்கு சார் போனான்?" என்றான் சுபைர்.

"எனக்கு இன்னா தெரியும்? அருவி பாக்கப் போயிருப்பான்."

"பை நெறையப் பெட்டியோடயா?"

"பெட்டியெல்லாம் போய்ச் சேந்துடுச்சு. பச்சையா இருக்குது பாரு."

"ரோட்டுல கெடந்துது சார். நாங்கதான் பொறுக்கினோம்."

சிவசங்கர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "அடிவாரத்துலயே அழுத்தினோம்னு சொல்லப்போறீங்க. சொல்லுங்க. குடுக்காததக் குடுத்தேன்னு அழுத்தினா அதுக்குப் பேரு மோசடி. அத்தினி பேரு ஐடியும் போவும். யார் சொல்றது? கையத் தூக்கு."

"நீங்கதான சார் சொல்லிக் குடுத்தீங்க?"

"ஐடியா குடுத்தேன். ஆர்டர் குடுத்தனா?"

எல்லாருக்கும் வீட்டில் அடுப்பு இருந்தது. யார் கையும் எழவில்லை. மலைக்கு உண்டான மிச்சப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள் என்றார். கிளம்பினோம்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கலையரசன் காலைத் தூக்கிக் கட்டி எடை தொங்கவிட்டிருந்தார்கள். சிவசங்கர் சொன்னதைச் சொன்னதும் அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு, "வுடுங்கடா. உங்க ஐடியும் போயிடப்போவுது" என்றான்.

அவன் மனைவி எழில்மதி கரும்பு வெட்டப் போகிறவள். தோகையில் கிழிந்த கைகள். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்து, என்ன சொல்லித் தேற்றுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். அதற்கு வேலையே வரவில்லை.

"வுட்டுட்டா? நாளைக்கு இந்தண்ணன் வுழுவாரு, நாளான்னைக்கு அந்தண்ணன். அப்பவும் அருவி பாக்கப் போனாருன்னுதான் சொல்லுவான். அவுரு சாமான் தூக்கிக்கினு போனத நீங்க பாத்தீங்களா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

அந்த நேரத்தில் பாப்பாத்தியக்கா உள்ளே வந்தார். மழைக்கு முக்காடு போட்டிருந்தார். சேதி கேட்டு, ஜீப் பிடித்து இறங்கி வந்திருக்கிறார். கலையரசனின் கால்மாட்டில் நின்று பார்த்துவிட்டு, போனைச் சுபைரிடம் நீட்டினார்.

"தம்பி, காலையிலேந்து இது இன்னாமோ கேட்டுக்கினே இருக்குது."

"அனுபவம் எப்பிடி இருந்துச்சுன்னு கேக்குது யக்கா."

"சாமான் வரல, புள்ள வுழுந்துட்டான்னு போடு."

சுபைர் தேடினான். அதற்கு இடம் இல்லை. நட்சத்திரம் கொடுக்கலாம், ஒன்றிலிருந்து ஐந்து வரை. ஆள் விழுந்ததற்கு எத்தனை என்று எங்கேயும் போடவில்லை.

பாப்பாத்தியக்கா போனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். "வராத சாமான வந்துடுச்சுன்னு நானுந்தான நம்பரு சொன்னேன்? எவன் வந்து கேட்டாலும் நான் சொல்றேன். ஊர்லயும் சொல்லிட்டேன், இனிமே கைல வாங்காம ஒருத்தரும் நம்பரு சொல்றதில்ல."

"அத்தினியும் லேட்டாவும் யக்கா. எங்களுக்குத்தான் ஆப்பு."

"ஒருத்தன் லேட்டானா ஆப்பு. மலையே லேட்டானா?"

சுபைர் என்னைப் பார்த்தான். நான் எங்களோடு வந்திருந்த அய்யனாரைப் பார்த்தேன். எங்களில் இன்னொருவனான சரத்குமார் யாரையும் பார்க்கவில்லை. அவனுக்குப் பைக் தவணை இருந்தது. அவனேதான் முதலில் பேசினான்.

"எப்பிடியும் அடுத்து வுழுவறது நானாத்தான் இருப்பேன். என் டயர் மொட்ட."

மறுநாள் காலையிலும் அதே மூட்டை, அதே தூசி. தள்ளுபடி உச்சத்தில் இருந்ததால் பைகள் வழக்கத்தைவிடக் கனம். அடிவாரத்தில் எல்லாரும் வண்டியை நிறுத்தினோம். பழக்கம் அப்படி. யாரும் போனை எடுக்கவில்லை. சரத்குமார் ஒன்றுக்குப் போய்விட்டு வந்தான். பிறகு வரிசையாக ஏறினோம். இந்த முறை அவசரமில்லை. வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து, எதிரே வரும் ஜீப்புக்கு வழிவிட்டு ஏறினோம். சட்டைப்பையில் போன் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒருமுறை துடித்தது. ஒவ்வொரு துடிப்பும் தாமதம் என்று ஒரு சிவப்பு.

பாப்பாத்தியக்காவின் ஊரில் தார்ச்சாலை முடியும் இடத்தில் ஆட்கள் நின்றிருந்தார்கள். பக்கத்துச் சிற்றூர்களிலிருந்தும் நடந்து வந்திருந்தார்கள். பைகளை இறக்கியபோது சிவசங்கர் கூப்பிட்டார். சுபைர் எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டான்.

"டேய், எங்கடா இருக்கீங்க? ஒண்ணுகூடப் பச்சையாவல! மெட்ராசுலேந்து என்னை வறுத்தெடுக்கறான்!"

"மேல இருக்கோம் சார். இப்பத்தான் குடுக்கறோம். குடுத்துட்டு அழுத்தறோம்."

"திமிரா? யார் யாரு அங்க? பேரச் சொல்லுங்கடா. இப்பவே கம்பெனிக்கு அனுப்பறேன்."

காற்று மட்டும் போனுக்குள் போனது. பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்.

"பாப்பாத்தி."

"நீ யாரும்மா?"

"குக்கர் வராதவ."

"சுபைர்" என்றான் சுபைர். "அத்தா பேரு பக்கீர் முகமது. கடைவீதி." அய்யனார் சொன்னான். சரத்குமார் தொண்டையைச் செருமிக்கொண்டு, கல்லூரிக் காலத்தில் வருகைப்பதிவுக்குச் சொன்னதைவிடச் சத்தமாகச் சொன்னான். நான் சொன்னேன்.

"கலையரசன்னும் போட்டுக்குங்க சார்" என்றான் சுபைர். "அவனும் வேலையிலதான் இருந்தான்."

"ராமசாமி" என்றார் பெட்டி வாங்க வந்த பெரியவர் ஒருவர். அவருக்குப் பக்கத்தில் நின்ற பெண் தைலம்மாள் என்றார். அவருக்குப் பின்னால் நின்றவர் முன்னால் வந்தார்.

கலையரசனின் காலுக்குக் கம்பெனி இன்னும் பதில் சொல்லவில்லை. எங்கள் ஐடிகள் சாயங்காலம் இருக்குமா என்பதும் தெரியாது. சிவசங்கர் போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் வைக்கவில்லை. அந்தப் பக்கம் மூச்சுவிடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இந்தப் பக்கம் வரிசையில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள்.