நாடாவில் வைத்த பொட்டு

அப்புசாமி முதலாளி கம்ப்யூட்டர் மேல் வைத்திருந்த நம்பிக்கைக்கு அன்றைக்கு விழுந்த விலை முப்பத்தெட்டாயிரம் ரூபாய். லாரி வாடகை தனி.

விலை கேட்டு வந்தவர் பொன்ராஜ், கோயமுத்தூரில் பழைய கம்ப்யூட்டர் வியாபாரி. எமர்ஜென்சி சமயத்தில் அலமாரி உயரத்துக்கு ஒரு யந்திரத்தையும், அதோடு பேச ஒரு தட்டச்சுப் பொறியையும் எங்கள் நூல் மில்லின் தலையில் கட்டியவரும் அவரேதான். இப்போது பாதி விலைக்குத் திரும்பக் கேட்டார். முதலாளி வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் தலையெடுத்தவர். யந்திரத்தை வாங்கும்போதுகூட ஒரு சுற்றுச் சுற்றிவந்து, குனிந்து அதன் காலைப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எண்ணினார்.

பூஜை விடுமுறை முடிந்து வந்ததிலிருந்து யந்திரம் பஞ்சுக் கணக்கைத் தப்பாகவே சொல்லிக்கொண்டிருந்தது.

"மடி வத்துன மாட்டுக்கு எதுக்குங்க தீவனம்? ஓட்டிட்டுப் போயிருங்க" என்றார் முதலாளி.

யந்திரம் லாரி ஏறினால் என் உத்தியோகமும் கூடவே ஏறிவிடும். அப்புறம் மாட்டுத் தரகரான என் அப்பாவோடு சந்தையில் நின்று மாட்டுக்குப் பல் பார்க்க வேண்டியதுதான்.

"ஏனுங்க, பேரம் முடியற வரைக்கும் டைம் குடுங்க. கோளாறு எங்கீன்னு கண்டுபுடிச்சர்றேன்."

"முடிஞ்சா முடிஞ்சதுதான் ஈஸ்வரா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, முதலாளி துண்டை உதறிப் பொன்ராஜின் கைமேல் போட்டார். எங்கள் சந்தையில் விலையை வாய் சொல்லாது. துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். தெற்கத்திக்காரரான பொன்ராஜுக்கு அந்த பாஷை பாதிதான் தெரியும், பேரம் இழுக்கும். அது என் அதிர்ஷ்டம்.

யந்திர அறைக்கு ஓடினேன். பஞ்சுக் கணக்கு முழுதும் ஒரு காகித நாடாவில் துளைகளாக இருந்தது. குறுக்கே ஒரு வரிசைத் துளை, ஓர் எழுத்து. வரிசைக்கு வரிசை துளைகள் இரட்டைப்படையில்தான் இருக்கவேண்டும். ஒற்றைப்படை வந்தால் அங்கே கோளாறு. நாடாவில் இருப்பதை இருக்கிறபடியே அச்சடித்துக் காட்ட ஒரு சின்ன புரோகிராம் எழுதி வைத்திருந்தேன். அதற்குப் பெயரே 'காட்டு'. பெயரைத் தட்டினேன். பொறி படபடவென்று ஒரு பக்கம் முழுக்க நாடாவின் ஓர் எழுத்துக்கு இரண்டு குறியாக அடித்துத் தள்ளியது.

நாடாவில் துளை போடும் மருதாத்தாள் எட்டிப் பார்த்தாள். "எள்ளைக் கொட்டுனாப்பல இருக்குதுங்க. இதுல என்னத்தப் பாப்பீங்க?"

நியாயமான கேள்வி. பொறியின் ரிப்பனில் பாதி கறுப்பு, பாதி சிவப்பு. சிவப்பை யாரும் தொட்டதே இல்லை. ஒற்றைப்படை வந்தால் சிவப்பில் அடி என்று 'காட்டு'வுக்கு ஒரு வரி சேர்த்து மறுபடி ஓட்டினேன்.

"இப்ப அம்மை போட்டாப்பல இருக்குது" என்றாள்.

அங்கங்கே சிதறித்தான் கிடந்தது. ஆனால் ஒரு சிவப்புக் கொத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஏறக்குறைய அறுபது எழுத்து. சரி, ஒரு வரிக்கு அறுபது என்று அகலத்தை மாற்றினேன். சிதறிக் கிடந்த சிவப்பெல்லாம் ஒன்றின் கீழ் ஒன்றாக வந்து நின்றது. நுனி மெலிந்து, நடு பெருத்து, லேசாகச் சாய்ந்த ஒரு நீளச் சிவப்பு.

மருதாத்தாள் சிரித்துவிட்டாள். "இது பொட்டுங்க!"

சுருட்டிய நாடாவை எடுத்துப் பக்கவாட்டில் திருப்பினாள். காய்ந்த சந்தனம், மேலே குங்குமம். ஆயுத பூஜைக்கு வைத்தது. சுருளின் ஒரு சுற்றுக்கு அறுபது எழுத்து; சுற்றுக்குச் சுற்று ஓரத்துத் துளையில் சந்தனம் அடைத்திருந்தது. அந்த அறையில் பொட்டில்லாத பொருளே இல்லை என்பதால் யார் கண்ணிலும் அது உறுத்தவில்லை.

தாளையும் சுருளையும் தூக்கிக்கொண்டு ஓடினோம். துண்டு இன்னும் கைகளின் மேல் கிடந்தது.

"பாத்தியளா அண்ணாச்சி, எம்புட்டுச் சிவப்பு! மிஷினே செத்துப்போச்சு" என்றார் பொன்ராஜ்.

"மிஷின் நல்லாத்தானுங்க இருக்குது. நாடாத் துளையில சந்தனம்" என்றேன்.

முதலாளி சுருளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எவன் வேலை இது?"

"நீங்கதானுங்க வெச்சீங்க" என்றாள் மருதாத்தாள். "தட்டுல மீந்த சந்தனம் வீணாப் போகுதுன்னு."

முதலாளி துண்டுக்கடியிலிருந்து கையை உருவிக்கொண்டார்.

"பொன்ராஜு, பொட்டு வெச்சதை எங்கூர்ல விக்கறதில்லீங்க."

"இப்பதானே மடி வத்துன மாடுன்னீக?"

"அது பேரத்துக்குச் சொன்னது."

லாரி வெறுமனே திரும்பியது. மருதாத்தாள் கொண்டை ஊசியால் துளைகளைக் குத்திச் சுத்தம் செய்ய, சாயங்காலம் பஞ்சுக் கணக்கு நேரானது. வீட்டுக்குப் போகும் வழியில் என் சொந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். வரவு, ஓர் உத்தியோகம். செலவு, அரை ரிப்பன் சிவப்பும் ஒரு கொண்டை ஊசியும். முதலாளி வாயிலிருந்து பாராட்டாக வரவேண்டிய ஒரு 'பரவால்லடா' மட்டும் பாக்கி.