குண்டு என்று எழுத மாட்டேன்

ஜெயபாரதி தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக் குடும்பத்துப் பெண். புள்ளியியல் படித்துவிட்டு அடையாறில் ஓர் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தாள். விமானக் கடத்தல், குண்டுவெடிப்பு, ஆள்கடத்தல் என்று உலகமெங்கும் நடந்த பயங்கரவாதத் தாக்குதல்களைப் பத்திரிகைகளிலிருந்து திரட்டி, யார், எங்கே, யாரைக் குறிவைத்துச் செய்தார்கள் என்று அட்டைகளில் எழுதுவாள். பிறகு அவை எங்கே கூடுகின்றன, ஏன் குறைகின்றன என்று ஆராய்வாள். செத்தவர்களின் பெயர்களை வாசித்துவிட்டுச் சாப்பாடு இறங்காத நாட்கள் உண்டு. அதனாலேயே அந்த வேலையில் அவள் விளையாட மாட்டாள்.

நெருக்கடி நிலையின்போது, 1976இல், தில்லியிலிருந்து ஓர் அறிக்கை கேட்டார்கள். சேர்க்க வேண்டிய உள்ளூர்ச் சம்பவங்களையும் அவர்களே அனுப்பினார்கள். அதில் ஒன்று மந்தைவெளி இட்லிக்கடைக் குண்டுவெடிப்பு. தொழிற்சங்கக்காரர் ஒருவர் கைது. தணிக்கையால் பத்திரிகையில் ஒரு வரிகூட வரவில்லை. மந்தைவெளி என்ன சீமையிலா இருக்கிறது என்று ஜெயபாரதி நேரிலேயே போனாள்.

கடைக்காரி தேவானையின் இடது கை முழங்கைவரை வெந்திருந்தது.

"குண்டா? இன்னாம்மா சொல்ற! ஸ்டவ்வுக்குக் காத்து அடிச்சிக்கினு இருந்தேன், டமார்னு வெடிச்சிது. சங்கத்து நோட்டீசு கொஞ்சம் இங்க கெடந்துச்சு. அத்தப் பாத்துட்டு எம் புருசனப் புடிச்சிக்கினு பூட்டாங்க."

அடுப்புக்கு மேலே கூரை கருகியிருந்தது. ஓரடி தள்ளி, அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் கீறல்கூட இல்லாமல் இருந்தன. அத்தனை குண்டுவெடிப்புகளைப் பற்றிப் படித்தவளுக்கு அது போதும்.

நிலையத்தின் இயக்குநர் ஸ்ரீனிவாசராகவன் மயிலாப்பூர்க்காரர், கணிதத்தில் பெரிய ஆள். அவள் சொன்னதைக் கேட்டதும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"ஒண்ணே ஒண்ணுதானே. ஒரு மூலைல இருந்துட்டுப் போறது. காலம் சரியில்லை, ஜெயபாரதி. எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கா."

"நிஜமா குண்டுல செத்தவங்க பக்கத்துல இதை எப்படி சார் வைக்கிறது? நான் குண்டுன்னு எழுத மாட்டேன்."

"நான் எழுதினா?"

"என் பேரை எடுத்துடுங்க. ஏன் எடுத்தீங்கன்னு யார் கேட்டாலும் சொல்லுவேன்."

அறிக்கை மந்தைவெளியையும் சேர்த்துக்கொண்டு தில்லிக்குப் போனது. ஜெயபாரதியின் வேலை போனது. "எதுக்குட்டி வம்பு? கடையில வந்து உக்காரு" என்றார் அப்பா நல்லசிவம். கொஞ்ச நாள் உட்கார்ந்தாள். ஆனால் சைதாப்பேட்டை நீதிமன்றத்தில் வழக்கு வந்த அன்று, அவர் தடுத்தும் கேளாமல் போய், தேவானையின் புருஷனுக்காகச் சாட்சிக் கூண்டில் ஏறினாள். கூரை கருகிய விதத்தையும் உடையாத டம்ளர்களையும் சொல்லி, குண்டு வெடித்த இடம் எப்படி இருக்கும் என்று விளக்கினாள்.

அரசு வக்கீல் எழுந்தார். "உங்களை வேலையை விட்டு நீக்கினாங்களா, இல்லையா?"

"நீக்கினாங்க. இப்ப இங்க சொன்னதை அங்கேயும் சொன்னேன், அதுக்காகத்தான்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

வெடித்தது ஸ்டவ்தான் என்று தீர்ப்பானது. ஆனால் விடுதலையானவரை வாசலிலேயே போலீஸ், விசாரணையில்லாமல் உள்ளே வைக்கிற வேறு சட்டத்தில் பிடித்து ஜீப்பில் ஏற்றியது. மறுவருஷம் தேர்தல் முடிந்த பிறகுதான் அவர் வீடு திரும்பினார்.

தீர்ப்பு வந்த அன்று தேவானை அந்த ஜீப்புக்குக் குறுக்கே போய் நின்றாள்.

"ஜட்ஜே சொல்லிட்டாருய்யா! இன்னும் இன்னாய்யா வோணும் உங்களுக்கு?"

டிரைவர் ஹாரனை அழுத்தினான். ஜெயபாரதி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் நின்றாள். தெருவில் போனவர்கள் ஒவ்வொருவராக நின்று பார்க்க ஆரம்பித்தார்கள்.