தோள் நோவுக்கு ஒரு மேசை

இராகுலனுக்கு எந்தச் சாமானைப் பார்த்தாலும் முதலில் அதன் குறைதான் கண்ணில் படும். கதவு கிறீச்சிட்டால் சாப்பாட்டுக் கையைக் கழுவிவிட்டு எழும்பிப் போய் எண்ணெய் விட்டுவிட்டுத்தான் மிச்சச் சோற்றைச் சாப்பிடுவான். உட்துறைமுகக் கரையில் அவனுக்கு ஒரு சின்னப் பட்டறை. மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிற வேலை. நடுக்கடலில் இடைக்கிடை நின்றுபோகிற எஞ்சினைக் கழற்றிக் கொண்டுவந்து போட்டால், காதைக் கொடுத்துக் கேட்டே எங்கே பிழை என்று சொல்லிவிடுவான் என்று ஆட்களுக்குள் ஒரு பேச்சு.

அவன் மனைவி கஜந்தி துண்டுத்துணிப் போர்வை தைப்பவள். ஆடைத் தொழிற்சாலைகளில் மிஞ்சுகிற வெட்டுத்துண்டுகளை மூட்டையாக வாங்கி, நிறம் பார்த்துப் பொருத்தி, நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பு வைத்து, கீழே இன்னொரு துணி போட்டு, மூன்று அடுக்கையும் சேர்த்து மெசினில் சுழித்துச் சுழித்துத் தைக்க வேண்டும். உப்புவெளி, நிலாவெளி விடுதிகளில் வந்து தங்குகிற வெள்ளைக்காரர்கள் அதைக் குவில்ட் என்று சொல்லி ஆசையாக வாங்கிப் போவார்கள். அவளோடு கூடத் தைக்கிற பஸ்மியா, கிண்ணியாவிலிருந்து பஸ் ஏறிக் கப்பல்துறையில் இருக்கிற இவர்கள் வீட்டுக்கு வருவாள். துண்டுகளை வெட்டிப் பொருத்துவது அவள் பொறுப்பு. மூன்று அடுக்கையும் சேர்த்து ஓட்டுகிற தையல் கஜந்தியுடையது. இரண்டு பேரும் எதிரெதிரே இருந்து வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டு வேலை செய்வார்கள். பிள்ளை இல்லாத அந்த வீட்டில் பகல் முழுக்கச் சத்தம் இருந்தது என்றால் அது இந்த இரண்டு பேராலும் அந்த மெசினாலும்தான்.

மாசி மாதத்தில் ஒரு நாள், தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தபோது கஜந்தி சொன்னாள்.

"இஞ்சருங்கோ, இந்த வலத் தோள் கொஞ்சம் நோகுது."

"நோகாமல் என்ன செய்யும்? இரட்டைக் கட்டிலளவு துணியை ஒரு கையால தள்ளுறீர். இரும், பாப்பம்."

தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு மெசினடிக்குப் போனான். பிழை உடனே தெரிந்தது. மெசின் மேசைக்கு மேலே குந்தியிருந்தது. துணி மேசையிலிருந்து மெசினுக்கு ஏறி, பிறகு மறுபக்கம் விழுந்தது. அவ்வளவு பாரத்தையும் ஏற்றி இறக்குவது அவளுடைய தோள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பட்டறையைப் பூட்டிவிட்டு மேசையில் ஒரு சதுரம் வெட்டினான். கீழே இரும்புத் தாங்கி அடித்து, மெசினை அந்தக் குழிக்குள் இறக்கினான். மெசினின் தட்டும் மேசைப் பலகையும் ஒரே மட்டமாக வந்தன. மேலே வழுவழுப்பான தகடு ஒட்டி மெழுகு தேய்த்தான். கஜந்தி ஒரு போர்வையை வைத்து ஓட்டிப் பார்த்தாள்.

"ஐயோ, தண்ணியில வள்ளம் போற மாதிரியெல்லோ போகுது!"

"தோள்?"

"இப்ப சுகம்."

அவன் அன்றைக்குச் சீட்டியடித்துக்கொண்டே குளித்தான்.

சில கிழமை போக, கை மறுபடி நோகத் தொடங்கியது. இந்த முறை தோளிலிருந்து இறங்கி முழங்கை வரை. இராகுலன் பின்னேரம் வந்து, கதிரையைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, அவள் தைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேசையை விட்டு வெளியே தொங்குகிற துணியின் பாரம்தான் இழுக்கிறது என்று பட்டது. நனைந்த வலை மாதிரி அது தொங்கியது. பழைய வள்ளத்திலிருந்து கழற்றிய கப்பிகளைக் கொண்டுவந்து கூரை மரத்தில் பூட்டி, கயிறு ஓட்டி, நுனிகளில் துணி கவ்வுகிற கிளிப்புகளைக் கட்டினான். போர்வையின் பாரம் மேலே போனது. கஜந்தி விரலால் தள்ள, அது தொட்டிலாட்டம் அசைந்தது.

"இது நல்லாருக்கு," என்றாள் கஜந்தி.

"எங்கட அவருக்கு இதையெல்லாம் ஒருக்காக் காட்டோணும்," என்று பஸ்மியா சிரித்தாள். "பல்பு மாத்தவே ஒரு மாசம் எடுக்கிற மனிசன்."

அதற்குப் பிறகு இராகுலனுக்கு அது ஒரு பித்தாகவே போனது. துணியை அழுத்திப் பிடிக்கிற மெசின் காலை ஒவ்வொரு முறையும் கையால் தூக்கத் தேவையில்லாமல், முழங்காலால் தட்டினால் எழும்புகிற மாதிரி மேசைக்குக் கீழே ஒரு கம்பி வைத்தான். பழுதாய்ப்போன ஒலிபெருக்கிக் காந்தத்தைக் கிண்ணத்தின் அடியில் ஒட்டி, ஊசிகள் சிதறாமல் ஒட்டிக்கொள்ளச் செய்தான். நூல் கூம்புகளுக்கு ஒரு தாங்கி. ஊசி விழுகிற இடத்தில் நிழல் விழாமல் ஒரு சின்ன விளக்கு. துணி வழுக்காமல் தள்ள, உள்ளங்கையில் ரப்பர் பொட்டு வைத்த கையுறை. ஒவ்வொன்றையும் பூட்டி முடித்துவிட்டு, கையைத் துடைத்தபடி பக்கத்தில் நிற்பான்.

"எப்பிடி?"

"பரவாயில்லை. முந்தியை விடச் சுகம்."

இதற்கிடையில் கஜந்தி தைலம் பூசினாள், சுடுதண்ணிப் போத்தல் வைத்தாள், பார்மசியில் நோக் குளிசை வாங்கினாள். ஒருநாள் இராகுலனே கேட்டான்.

"ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுவமே?"

"நிலாவெளி விடுதிக்காரர் கேட்ட போர்வையளைக் குடுத்துப்போட்டுப் போவம்."

அவனுக்கு அது ஆறுதலாக இருந்தது. ஏனென்றால் கதிரையின் கால்களை உயர்த்திப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை அப்போதுதான் அவனுக்கு வந்திருந்தது.

ஆனி மாத வெக்கையில் ஒரு மத்தியானம். கச்சான் காற்று சூட்டையும் புழுதியையும் அள்ளி வீசியது. பஸ்மியா துண்டு வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தரிக்கோலை வைத்துவிட்டுக் கஜந்தியின் முகத்தையே பார்த்தாள்.

"அக்கா, சொல்றன் எண்டு கோவிக்கப்படா. உங்கட வலக் கண் சின்னனாப் போய்க் கிடக்கு."

"நித்திரை இல்லையடி."

"இல்ல, ஒரு கண் மட்டும். இமை தொங்குது. அதோட... அக்கா, உங்களுக்கு முகத்தில இடப் பக்கம் மட்டும்தான் வேர்க்குது. மற்றப் பக்கம் காஞ்சு போய்க் கிடக்கு."

கஜந்தி கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகம் முழுவதையும் துடைத்துக்கொண்டு, வேலையைப் பார்ப்போம் என்றாள். பஸ்மியா விடவில்லை. பட்டறைக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணன், இது மெசின் வேலையால வாற நோ இல்ல. உடனே கூட்டிக்கொண்டு போங்க."

ஆஸ்பத்திரியில் படம் பிடித்தார்கள். பிறகு இன்னொரு படம். ஊசி குத்தித் துண்டெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று டொக்டர் இரண்டு பேரையும் உட்கார வைத்து மெதுவாகச் சொன்னார். தோளில் ஒன்றுமில்லை. நுரையீரலின் மேல் நுனியில் ஒரு கட்டி வளர்ந்து, கைக்குப் போகிற நரம்பை நெரிக்கிறது. கண்ணிமைக்கும் வேர்வைக்கும் போகிற நரம்பையும் அதுதான் பிடித்திருக்கிறது. சிகிச்சை செய்யலாம், ஆனால் பிந்திவிட்டது.

"டொக்டர், தையல் வேலையாலயோ வந்தது?"

"இல்லை, ஐயா. அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

இராகுலன் தலையாட்டினான். வெளியே வந்து மோட்டார் சைக்கிளில் சாவியைப் போட அவனுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

சிகிச்சைக்கென்று வெளியூருக்கும் வீட்டுக்குமாக அலைந்தார்கள். கஜந்தியின் தலைமயிர் கொட்டியது. வலக் கைவிரல்கள் ஊசியைப் பிடிக்கும் பலத்தை இழந்தன. தைக்கிற அறைக்குப் பக்கத்து அறையில் அவளுக்குக் கட்டில் போட்டிருந்தது. ஒருநாள் விடியப்புறம், சோறு வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருக்கும்போது இராகுலனால் அடக்க முடியாமல் போய்விட்டது.

"நான் பலகையைச் சீவிக்கொண்டு நிண்டனான், கஜந்தி. அந்த நேரத்துக்கு உம்மை ஏத்திக்கொண்டு போயிருக்கலாம்."

அவள் கஞ்சியை விழுங்கிவிட்டுச் சுவரைப் பார்த்தாள்.

"எனக்கு நோக் குறையேல்லை."

"எப்ப?"

"ஒருக்காலும் குறையேல்லை. மெசின் நல்லா ஓடினது உண்மை. ஆனா நோ அப்பிடியேதான் இருந்தது. நீங்கள் செய்து முடிச்சுப் போட்டு என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு நிப்பீங்கள். நான் என்னெண்டு சொல்லுறது, இன்னும் நோகுது எண்டு?"

இராகுலன் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தான். அவள் இடக் கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கஞ்சி ஆறிப்போனது.

மாரி மழை தொடங்கிய கிழமை கஜந்தி போய்விட்டாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் போன பிறகு இராகுலன் அந்த அறைக்குள் போனான். ஏணி வைத்து ஏறிக் கப்பிகளைக் கழற்றினான். கயிற்றை அறுத்தான். முழங்கால் கம்பியை முறுக்கிப் பிடுங்கினான். காந்தக் கிண்ணம், நூல் தாங்கி, விளக்கு, எல்லாவற்றையும் முற்றத்து மழைக்குள் வீசினான். ஊசிக்குக் கீழே பாதித் தையலோடு நின்ற போர்வையை மட்டும் மெல்ல எடுத்து, நூல் நுனிகள் தொங்கத் தொங்க, கஜந்தியின் கட்டிலில் விரித்தான். அதில் பிறகு ஒருவரும் கை வைக்கவில்லை.

இரண்டொரு நாளில் பஸ்மியா வந்தாள். சேற்றுக்குள் கிடந்த கப்பிகளைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"மெசினைக் கொண்டு போங்கோ, பஸ்மியா," என்றான் இராகுலன். "கஜந்தி உங்களுக்கெண்டுதான் சொன்னவள். லொறி பிடிச்சுத் தாறன்."

"மேசை?"

"மேசையைக் கொத்தி விறகாக்கப் போறன்."

"ஏன் அண்ணன்?"

"அந்த மேசைதான் அவளைச் சாகடிச்சது."

பஸ்மியா முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கினாள். கப்பிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, சேலையில் துடைத்து, விறாந்தையில் வைத்தாள். கண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது, அவள் அதைத் துடைக்கவில்லை.

"மேசை ஆரையும் கொல்லயில்ல. நானும்தானே முன்னால இருந்தனான்? பக்கத்தில இருந்து பாத்துக்கொண்டிருந்த எனக்கே அவ்வளவு நாள் விளங்கயில்ல. அப்ப என்னை என்ன செய்யப் போறீங்க?"

இராகுலன் விறாந்தையிலிருந்த ஒரு கப்பியை எடுத்து உருட்டிப் பார்த்தான்.

"எனக்கு இந்த மேசையும் வேணும். இது இல்லாம அவ்வளவு பெரிய துணியை என்னால தைக்க ஏலாது. அக்கா எடுத்த வேலை இன்னும் கிடக்கு."

கடைசியில் மேசையும் போனது. கப்பல்துறையிலிருந்து லொறி கிண்ணியாப் பாலம் தாண்டிப் போக, இராகுலன் பின்னால் மோட்டார் சைக்கிளில் போனான். பஸ்மியாவின் வீட்டு முன்னறையில் எல்லாவற்றையும் திரும்பவும் பூட்டினான். வளைந்த கம்பியை நிமிர்த்தினான். யாருடைய முகத்தையும் பார்க்காமல் வேலை செய்தான். முடிந்ததும் சாமான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, தேத்தண்ணியும் குடிக்காமல் வந்துவிட்டான்.

பங்குனியில் பஸ்மியாவிடமிருந்து போன் வந்தது.

"அண்ணன், ஒருக்கா வந்து பாக்கேலுமா? நான் அக்காவை விடக் கட்டைதானே. மேசை உயரம். தோள் பிடிச்சுக்கொண்டு நிக்குது."

இராகுலன் வாளை எடுத்துக்கொண்டு போனான். மேசைக் காலில் பென்சிலால் கோடும் போட்டான். வாளை வைத்தவன், எடுத்துவிட்டான்.

"எந்தத் தோள்?"

"வலது."

"முதல்ல டொக்டரிட்டக் காட்டுங்கோ."

"ஐயோ அண்ணன், இது மேசை உயரத்தாலதான். எனக்குத் தெரியும்."

"படம் பிடிச்சுப் பாருங்கோ. அதுக்குப் பிறகுதான் நான் இதில கை வைப்பன்."

பஸ்மியா சிரிக்க வாயெடுத்தாள். அவனைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது. உள்ளேயிருந்து வந்த அவள் கணவன் றம்ஸான், "நாளைக்கே கூட்டிக்கொண்டு போறன்," என்றான்.

அந்தக் கிழமை இராகுலனுக்குப் பட்டறையில் வேலை ஓடவில்லை. கழற்றிய நட்டுகளை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டு திரிந்தான். கடைசியில் போன் வந்தது.

"அல்ஹம்துலில்லாஹ், ஒண்டுமில்ல அண்ணன். படம் சுத்தம். வெறும் தசைப்பிடிப்பாம். இருக்கிற இடத்தைச் சரியாக்கினாப் போதுமாம்."

"நல்லது. நல்லது, பஸ்மியா. பின்னேரம் வாறன்."

போனை வைத்துவிட்டு, திறந்து கிடந்த எஞ்சினுக்குப் பின்னால் போய்க் குந்தினான். சந்தோசப்பட வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. சந்தோசம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அதற்கு மேலால் வேறொன்று பொங்கிக்கொண்டு வந்தது. அதே மேசை, அதே தோள். இவளுக்கு வெறும் தசைப்பிடிப்பு. கஜந்திக்கும் அப்படி இருந்திருக்கக்கூடாதா? கால்களை அரைச் சாண் வெட்டினால் தீர்கிற நோவாக அவளுக்கும் இருந்திருக்கக்கூடாதா? அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டான். வெட்கப்பட்டும் நினைப்பு நிற்கவில்லை. கிறீஸ் கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு வாய்விட்டு அழுதான். வெளியே வள்ளக்காரர்கள் கதைத்துச் சிரிப்பது கேட்டது. ஒருவரும் உள்ளே வரவில்லை.

பின்னேரம் போய் மேசைக் கால்களை வெட்டினான். பஸ்மியாவை இருக்கச் சொல்லி, முழங்கையின் மட்டம் பார்த்து, இன்னும் கொஞ்சம் வெட்டினான்.

"இதுக்குப் பிறகும் நோகுமெண்டால் சொல்லுங்கோ. எத்தினை தரமெண்டாலும் சொல்லுங்கோ. நான் ஒண்டும் நினைக்கமாட்டன்."

"சொல்றன் அண்ணன்."

அன்றைக்கு அவர்கள் அவனைச் சும்மா போக விடவில்லை. றம்ஸான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பிட இருத்தினான். சோறும் மீன் ஆணமும். இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு, ஒருவரும் கேட்காமல் இராகுலன் கதைக்கத் தொடங்கினான்.

"கஜந்தி முதல் மெசினை ரவுனிலயிருந்து பஸ்ஸில கொண்டு வந்தவள். எனக்கு வள்ளத்தில வேலை, போகக் கிடைக்கேல்லை. இருக்கச் சீட்டில்லை எண்டு மெசினைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டு வந்திருக்கிறாள். கண்டக்டர் கீழ வையுங்கோ எண்டு சொன்னவராம், இவள் வைக்கேல்லை. வளையுற ரோட்டில மெசின் ஆடி ஏதும் கழண்டிடும் எண்டு..."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பஸ்மியா கறிச்சட்டியோடு குசினி வாசலில் நின்றாள். றம்ஸான் தண்ணீர்க் கோப்பையை அவன் பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு, மிச்சக் கதைக்காகக் காத்திருந்தான்.