இடது சக்கரத்துக் கூடு

கடைசி ஸ்குரூவையும் கழற்றி, இடது சக்கரத்துக் கூட்டைத் தூக்கி மடியில் கிடத்தியபோது ஆர்விட்டின் வாயில் ஒரு கெட்ட வார்த்தை வந்துவிட்டுத் திரும்பிப் போனது. அதே இடத்தில் மறுபடியும் விரிசல். கூட்டின் முதுகில், முன்பக்கமாக, ஒரு விரல் நீளத்துக்கு. போன கோடையில் ஒட்டியது ஒருமுறை, பனி கரைந்ததும் ஒட்டியது ஒருமுறை. ஃபைபரில் செய்த கூடு, முட்டை ஓடு மாதிரி இலேசானது. காற்றை வழுக்கி விடுவதற்காக விமானச் சக்கரத்தின்மேல் மாட்டுவது. அதற்கென்று இப்படி அடிக்கடி உடைய வேண்டுமென்று சட்டமா என்ன?

கொட்டகையின் கதவுகள் விரியத் திறந்திருந்தன. வெளியே புல் ஓடுதளம், அதற்கப்பால் முழங்கால் உயரத்துக்கு மக்காச்சோளம். வெண்டல் வாசலில் மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வந்து இறங்குகிற ஒவ்வொருவனுக்கும் காப்பிக் கோப்பையை உயர்த்தி மார்க் போட்டுக்கொண்டிருந்தார்.

இருவரும் சகலைகள். அக்காளும் தங்கையும் ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலறைக்குள் புகுந்துகொண்டால், இந்த இரண்டு பேரும் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து, மழையைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு முழித்துக்கொண்டிருப்பார்கள். அந்த முழிப்புக்குப் பயந்துதான் சொந்தக் கையால் ஒரு குட்டி விமானம் கட்டத் தொடங்கினார்கள் என்பது ஆர்விட்டின் மனைவி மார்லிஸின் கணிப்பு. கட்டி முடிக்கப் பதினோரு வருஷம் ஆயிற்று. இரண்டு பேர் உட்காரலாம், இறக்கை தலைக்குமேல். ஒரு வாரம் இவர் ஓட்டுவார், மறுவாரம் அவர். வெண்டல் இறக்கும்போது மட்டும் விமானம் தவளை மாதிரி இரண்டு தாவு தாவித்தான் நிற்கும். அதுவும் கண்ணில் புரை ஆபரேஷன் ஆன பிறகு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆர்விட் இருக்கையின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்.

இன்று சொல்லிவிடுவது என்று வீட்டிலேயே தீர்மானித்து வந்திருந்தார்.

"சகலை, இங்க வா. இதப் பாரு."

வெண்டல் வந்து குனிந்து பார்த்தார். "அடடா" என்றார்.

"என்ன அடடா? போன வாரம் இறக்கினது நீ. இதுக்கு முந்தி உடைஞ்சப்பவும் நீதான்."

"ஒரே டிக்கெட்டுல ரெண்டு தடவ இறங்கறது வேற யாருகூடப் போனாக் கிடைக்கும் உனக்கு?"

"சிரிக்காதய்யா. மேல போனப்புறம் நீயே ஓட்டு, எவ்வளவு நேரம் வேணும்னாலும் ஓட்டு. இனிமே இறக்கறது மட்டும் நான் பாத்துக்கறேன்."

சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தார் ஆர்விட். பதிலுக்குப் பதில் எல்லாம் கையிருப்பில் இருந்தது. வெண்டலோ காப்பியின் அடிவண்டலைப் புல்லில் கொட்டினார். "சரி சகலை" என்றார். கையுறையை மாட்டிக்கொண்டு, ஒட்டுப் போடுகிற கண்ணாடி இழைத் துணியை மேசையில் பிரித்துப் போட்டு, சதுரம் சதுரமாக வெட்ட ஆரம்பித்துவிட்டார். முதுகைக் காட்டி நின்று ஒரு மனிதர் துணி வெட்டுவதைப் பார்த்து இவ்வளவு சங்கடப்படலாம் என்று ஆர்விட்டுக்கு அன்றுவரை தெரியாது.

முன்பு இரண்டு முறையும் உடைத்தவனே ஒட்டட்டும் என்று வெண்டலிடம் விட்டிருந்தார். அந்த ஒட்டிலும் இப்போது நம்பிக்கை போய்விட்டது. இந்த முறை ஆர்விட்டே, விரிசல் மேற்கொண்டு ஓடாதபடி அதன் இரண்டு முனையிலும் ட்ரில்லால் பொடி ஓட்டை போட்டார். மூக்குக்கு முகமூடி கட்டிக்கொண்டு, கூட்டைக் கவிழ்த்து, உள்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்தார். தூள் பறந்து கழுத்தெல்லாம் அரித்தது. பழைய ஒட்டு தேயத் தேய, கை தானாக நின்றது.

தரையில் மோதி அடிபட்டால் ஸ்குரூ ஓட்டைகளைச் சுற்றித்தான் கீறும். டயர் உரசினால் கீழ்வாய் தேயும். ஓட்டைகள் முழுசாக இருந்தன. கீழ்வாயில் பெயிண்ட் கூட உதிரவில்லை. முதுகின் உட்புறத்தில் மட்டும் இழைகள் பிய்ந்து உள்நோக்கிப் பிதுங்கியிருந்தன. மேலேயிருந்து பாரம் அழுத்தினால்தான் இப்படிப் பிய்யும். யாரோ இதன்மேல் ஏறி நின்றிருக்கிறார்கள்.

ஆர்விட்டுக்கு முகமூடிக்குள் முகம் சுட்டது. சற்றுமுன் சொன்னதையெல்லாம் ஒரு வாளியில் அள்ளிக்கொண்டு போய்க் கொட்டிவிட முடியுமானால் கொட்டியிருப்பார்.

"சகலை, நீ இதுமேல ஏறினியா?"

"நானா? இந்த முட்டிய வெச்சுக்கிட்டா?"

அதற்குள் மார்லிஸின் கார் வந்து நின்றது. புளிப்புத் தண்டு போட்டுச் சுட்ட ருபார்ப் கேக்கை மேசையில் வைத்தாள். "அத்தான், ஆறட்டும், இப்பவே கை வைக்காதீங்க" என்று வெண்டலை மிரட்டினாள். பிறகு அலமாரியிலிருந்து தண்ணீர்ப் புட்டியையும் துணியையும் எடுத்துக்கொண்டு இறக்கைக்குக் கீழே நுழைந்தாள். முன்கண்ணாடியில் அப்பிக் கிடக்கும் பூச்சிகளை ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள்தான் துடைப்பாள். அந்த நேரத்தில் ஆர்விட் வால்பக்கம் ஒவ்வொரு ஆணியாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். இன்றுதான் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். மார்லிஸ் இறக்கையின் தாங்குகம்பியைப் பிடித்துக்கொண்டு, குனிந்துகூடப் பார்க்காமல், வழக்கம்போல வலது காலைத் தூக்கி வைத்தாள். கால் காற்றில் நின்றது.

"ஏங்க, என் படி எங்க?"

ஆர்விட் கையில் இருந்ததைப் பார்த்தார். வெண்டல் ரெசின் பசை டப்பாவைக் கையில் எடுத்து அதன்மேல் இருந்த எழுத்துகளை வெகு கவனமாகப் படிக்க ஆரம்பித்தார்.

மார்லிஸ் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வெறும் டயரின்மேல் ஏறி, எக்கி நின்று துடைக்கத் தொடங்கினாள். "ஒரு ஈ ஒட்டியிருந்தாப் போதும் அத்தான், இவரு பருந்து வருதுன்னு விமானத்தையே திருப்பிடுவாரு."

ஆர்விட் முகமூடியை இறக்கிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உனக்குத் தெரியுமா?"

"போன கோடையிலேருந்து."

"ஏன்யா சொல்லல?"

"சொன்னா நீ சும்மா இருப்பியா? பெயிண்ட்ல ஒரு கீறல் விழுந்தாலே ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவ. அப்புறம் அவ இந்தப் பக்கமே எட்டிப் பாக்க மாட்டா. கேக்கும் வராது. பழி என் இறக்கத்துமேல விழட்டுமே, அது ஏற்கெனவே பேரு கெட்டதுதானே."

"இறக்கறதையே உன்கிட்டேருந்து புடுங்குவேன்னு நினைச்சியா?"

வெண்டல் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டுக்கொண்டார். "இல்ல," என்றார் பிறகு. "அது நினைக்கல."

"நாளைக்கு நீ இறக்கு."

"ரெண்டு தடவதான் இறங்கும்."

"மூணு தடவ இறங்கட்டும், எனக்கென்ன."

வெண்டல் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டப்பா ஆடியது. ஆர்விட்டுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கினாற்போல் இருந்தது. ரெசினையும் அதை இறுக வைக்கும் ஹார்டனரையும் அளந்து ஊற்றி, குச்சியால் கலக்கியபடியே வெண்டல் கேட்டார்: "எத்தன அடுக்கு போடலாம்? நான் ரெண்டு போட்டேன், தாங்கல."

"அவ எடை எவ்வளவு இருக்கும்?"

"உன் பொண்டாட்டி. நீ கேளு."

"உன் மச்சினி. நீ கேளேன்."

இருவரும் டயரின்மேல் நிற்பவளைத் திரும்பிப் பார்த்தார்கள். கேட்பதற்கு இருவருக்குமே தைரியம் இல்லை.

"ஆறு போடுவோம்," என்றார் ஆர்விட்.

வெண்டல் வெட்டி வைத்திருந்த சதுரங்களை ஒதுக்கிவிட்டு, ஆர்விட் புதுத் துணியை எடுத்துக்கொண்டு, சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். அவருடைய மூக்குக்கு நேரே மார்லிஸின் கேன்வாஸ் ஷூ. ஓரமெல்லாம் புல்லின் பச்சை ஏறியிருந்தது. மேலே அவள் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். கண்ணாடியிலிருந்து தண்ணீர் ஒரு சொட்டு அவர் வழுக்கையில் விழுந்தது.

"கீழ உக்காந்து என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் அசையாம நில்லு."

துணியை அவள் பாதத்தை ஒட்டிப் பிடித்துக்கொண்டு, குதிகாலிலிருந்து ஆரம்பித்து, ஒரு விரல் அகலம் கூடவே விட்டு, வளைத்து வளைத்து வெட்டினார்.