எல்லை எழுதாத பள்ளிக்கூடம்

மே மாத லீவு முடிந்து திறக்கும்போதெல்லாம் சூசையப்பர் தொடக்கப்பள்ளி போன வருஷத்தைவிடப் பத்தடி கிழக்கே தள்ளி நின்றது. இருபது வருஷமாக இப்படித்தான். கொடிக்கம்பம், மணி, சத்துணவுக்கூடம் எல்லாம் கூடவே வந்துவிடும். கக்கூஸ் மட்டும் பின்தங்கி, ஆகஸ்டு வாக்கில் வந்து சேரும்.

கிழக்கே இருந்தது இஞ்ஞாசிமுத்துவின் ராகிக் கொல்லை. சூளகிரிக்கும் பேரிகைக்கும் நடுவே அவருக்கு இருந்ததே அது ஒன்றுதான். முதலில் பள்ளிக்கு இடம் கொடுத்ததும் அவர் அப்பாதான். பத்திரம் எழுதும்போது நாலு எல்லை கேட்டதற்கு, "ஆண்டவருக்குக் குடுக்கறதுக்கு எல்ல போடுவாங்களாய்யா? பள்ளிக்கூடம் நிக்கிற எடம்னு எழுது, போதும்" என்று சொல்லி அழுதிருக்கிறார். அன்றைக்கிருந்த பங்குச் சாமியாரும் அழுதிருக்கிறார். அந்த அழுகையை நினைத்தால் இஞ்ஞாசிக்கு இன்றும் வயிறு எரியும்.

நாற்பது வருஷம் பள்ளி ஒழுங்காக ஒரே இடத்தில்தான் நின்றது. பிறகு மஞ்சள் வேன்கள் வந்து காலனிப் பிள்ளைகளைக் கோயிலே புதிதாகத் தொடங்கிய இங்கிலீஷ் மீடியத்துக்கு அள்ளிக்கொண்டு போயின. இஞ்ஞாசியின் பேத்தி லிபியாவும் டை கட்டிக்கொண்டு வேனில்தான் போனாள். மிச்சமிருந்த பிள்ளைகள் கிழக்கே, கம்பெனிகளுக்குப் பின்னால் லைன் வீடுகளில் இருந்த வடக்கத்தியக் கூலிக்காரர்களின் பிள்ளைகள். பள்ளி அவர்களைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது.

சாமியார்தான் புல்டோசர் வைத்துத் தள்ளுகிறார் என்று இஞ்ஞாசி நம்பினார். மணிக்கம்பத்தை வேப்பமரத்தில் வடம் போட்டுக் கட்டிப் பார்த்தார். வடம் அறுந்தது. சர்வேயர் சிவராஜ் இரண்டு தடவை அளந்துவிட்டு, "பெரியவரே, பள்ளி நிக்கிற எடம் பள்ளிக்குத்தான். பத்திரம் அப்படித்தான் இருக்குது" என்றார்.

"அப்ப அது உட்டுட்டு வந்த எடம்?"

பக்கத்தில் நின்ற பங்குச் சாமியார் அருள்ஜோசப் சிரித்தார். "கோயிலுக்குக் குடுத்ததத் திருப்பிக் கேக்கறீங்களே தாத்தா. போன ஞாயித்துக்கிழமதான பூசையில நன்ம வாங்கினீங்க?"

அந்த இடத்தில் வேன்களுக்கு ஷெட் எழும்பியது. கொல்லைக் கிணறு மூன்றாம் வகுப்புக்குள் போனது. ஒரே டீச்சரான பவுலினா அதற்கு மூடி போட்டு, மேலே உலக உருண்டையை வைத்தார். போன வருஷம் இஞ்ஞாசிக்கு மிஞ்சியது வீடும் வாசலும் பன்னிரண்டு சென்ட்டும்தான்.

பிள்ளை இல்லாவிட்டால் பள்ளி எங்கே நடக்கும் என்று யோசித்தார். லைன் வீடுகளின் சொந்தக்காரர் பிரகாஷிடம் போய், "இந்திக்காரப் புள்ளைங்களுக்குப் பேப்பர் கேட்டு ஆபீசருங்க வர்றாங்களாம்பா. எல்லாரையும் புடிச்சிட்டுப் போவாங்களாம்" என்றார். பச்சைப் பொய். இரண்டே நாளில் பதினான்கு பிள்ளைகளும் பெற்றோரோடு கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் போய்விட்டார்கள்.

பவுலினா டீச்சர் அவர் வாசலுக்கே வந்தார். "சந்தோசமா தாத்தா? சுனிதா ஒம்போதாம் வாய்ப்பாடு வரைக்கும் வந்திருந்தா."

"என் நெலம் எத்தனாம் வாய்ப்பாட்டுல போச்சுன்னு நீ சொல்லு டீச்சரம்மா."

அவர் கணக்கு பாதி சரி. இந்த ஜூனில் பள்ளி பத்தடி நடக்கவில்லை. ஒரே லீவில் அறுபதடி வந்துவிட்டது. திறக்கும் நாள் காலை இஞ்ஞாசி கட்டிலில் கண் விழித்தபோது எதிரே கரும்பலகை இருந்தது. வீட்டுச் சுவர்களுக்கு வெளியே பள்ளிச் சுவர்கள் நின்றன. பன்னிரண்டு சென்ட்டும் உள்ளே. வேனில் போகிற பிள்ளைகளை விட்டால், சுற்றுவட்டாரத்தில் ஐந்தாவது முடிக்காமல் மிஞ்சியிருந்தவர் அவர் ஒருவர்தான், ரெண்டாவதோடு நின்றவர்.

டீச்சர் வருகைப் பதிவேட்டில் அவர் பெயரை எழுதிக் கூப்பிட்டார். ஒரு வாரம் இஞ்ஞாசி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எட்டாம் நாள், "எங்க போவேன், என் ஊட்டுலதான் கெடக்கறேன்" என்று கத்தினார். டீச்சர் அதை வருகை என்று குறித்துக்கொண்டார். ஆய்வுக்கு வந்த அதிகாரி, தலை ஒன்று இருக்கிறது, மூட முடியாது என்று எழுதிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு பள்ளி அசையவில்லை. கழித்தலில் அவர் இன்னும் தடுமாறுகிறார். மூன்றாம் வகுப்புக்குத் தேறுவது சந்தேகம் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள்.