தேதி இல்லாத பெயர்

1

இந்தக் கதையை நான் யோசித்து எடுக்கவில்லை. வேலூரில் ஒரு பல் டாக்டரின் வாசலில் காத்திருந்தபோது, பக்கத்து நாற்காலியில் இருந்த பூரணி என்ற பெண்மணி சொன்னது. எழுதட்டுமா என்று கேட்டேன். “எழுதுங்க. நடக்காதத மட்டும் சேக்காதீங்க” என்றார். சேர்க்கத்தான் பார்த்தேன். அந்த இடங்களை அழிக்காமல் விட்டிருக்கிறேன்.

முதல் தொடக்கம்: ‘பச்சைத் திரையில் எழுத்துகள் இரத்தத் துளிகளாய்ச் சொட்டின, அப்போது பூரணியின்...’

(பச்சையில் எங்கிருந்து வரும் இரத்தம்? விட்டுவிட்டேன்.)

2

1988. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி. ஆபீசில் இருந்த ஒரே கம்ப்யூட்டருக்கு ஆபரேட்டர் பூரணி. குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற குடும்பம். தினமும் பஸ்ஸில் வருவாள். (அப்போது வயது இருபத்து மூன்று. அதனால் ‘அவள்’ என்றே எழுதுகிறேன்.)

ஏற்றுமதிப் பிரிவு சூப்பர்வைசர் ஜியாவுல்லா, நண்பர்களோடு சேர்ந்து ஓர் இரத்ததானச் சங்கம் நடத்திவந்தார். பெயர்கள் ஆயிரத்து நானூறைத் தாண்டியதும், நோட்டில் தேடி மாளாமல் பூரணியிடம் வந்தார். அவள் இரண்டு ஃபைல் போட்டாள். ஒன்றில் ஆட்கள்: பெயர், இரத்த வகை, ஊர், தகவல் சொல்ல ஒரு போன் நம்பர். மற்றதில், யார் எந்தத் தேதியில் இரத்தம் கொடுத்தார் என்பது. ஒருவரே பல தடவை கொடுப்பார் என்பதால் அப்படி.

கேள்வி எப்போதும் ஒன்றுதான். இந்த வகைக்காரர்களில், கொடுத்து ரொம்ப நாளானவர் யார்? அவர் பெயர் முதலில் வர வேண்டும். கம்ப்யூட்டர் ஒவ்வோர் ஆளாக எடுத்து, இரண்டாவது ஃபைலின் நாலாயிரம் வரியிலும் அவரைத் தேடி, கிடைத்தவர்களை ஒன்றாகச் சேர்த்து, அதற்கப்புறம் வரிசைப்படுத்தும். முப்பத்தைந்து நிமிஷம்.

மார்ச்சில் ராணிப்பேட்டையிலிருந்து ஒருவர் தன் தம்பிக்காக வந்து அவள் மேஜைக்கு எதிரே நின்றார். இருபதாவது நிமிஷத்தில், மெட்ராசுக்கே கொண்டுபோகிறோம் என்று கிளம்பிவிட்டார். லிஸ்ட் அவர் போன பிறகு வந்தது. அந்தத் தம்பி என்ன ஆனார் என்று இன்றுவரை பூரணிக்குத் தெரியாது.

3

(இங்கே மேனேஜர் சம்பத்தை வில்லனாக்கியிருந்தேன். ‘கம்பெனி மெஷின்ல இதெல்லாம் எதுக்கு என்று அவர் சீறி...’ எழுதியதைக் காட்டியபோது பூரணி ‘இல்லை’ என்று தலையாட்டினார். மதியச் சாப்பாட்டு வேளையில் மெஷினை விட்டுக்கொடுத்ததே சம்பத் சார்தானாம். வில்லன் இல்லாமலே போகட்டும்.)

“எனக்கு ஊரே வேணாம்மா. அஞ்சு பேர் போதும்” என்று ஒருநாள் ஜியாவுல்லா சலித்துக்கொண்டார். அது அவள் மண்டையில் நின்றது. ஐந்து பேருக்காக எல்லாரையும் வரிசையில் நிறுத்துகிறோமே. கடைசியாகக் கொடுத்த தேதியை ஆளின் பெயர் பக்கத்திலேயே எழுதிவிட்டால்? இரத்த வகை, அதற்குள் தேதி என்று ஒரு வரிசையை முன்கூட்டியே தயாராக வைத்துவிட்டால்? கேட்டதும் வரிசையின் முனையிலிருந்து ஐந்து பேரை எடுத்துக் கொடுத்துவிடலாம்.

ஜியாவுல்லாவுக்குப் பயம். ஒரே தேதி இரண்டு இடத்தில் இருந்து, ஒன்றை மாற்றி மற்றதை மறந்தால், போன வாரம் கொடுத்தவரையே மறுபடி கூப்பிடுவோம் என்றார். நியாயமான பயம்தான். ஒரு தடவை அடித்தால் இரண்டு இடத்திலும் ஏறும்படி அவள் எழுதினாள். பதினோரு மதியங்கள் அதில் போயின.

4

முடித்தது புதன்கிழமை. வியாழன் காலை பதினோரு மணிக்கு வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து போன். கட்டிங் பிரிவில் வேலை செய்த முனீர் அகமதின் மனைவி சைராவுக்குப் பிரசவம் ஆகி, இரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ். கையிருப்பு ஒரே பாட்டில்.

பூரணி தட்டினாள். மூன்று வினாடி. ஐந்து பெயர்.

முதல் பெயரை அவள் இரண்டாம் தடவை படித்தாள். தணிகைவேல், ஒடுகத்தூர். இத்தனை மாதத்தில் ஒரு லிஸ்டிலும் வராத பெயர். தேதி இருக்க வேண்டிய இடம் காலி. புரோகிராம்தான் தப்பு என்று நினைத்தாள். பழையதை ஓடவிடலாமா? முப்பத்தைந்து நிமிஷம். முனீர் கதவோரம் நின்றிருந்தார்.

பிறகு புரிந்தது. இரண்டாவது ஃபைலில் இருப்பவர்கள் மட்டுமே பழைய லிஸ்டில் வருவார்கள். பெயர் கொடுத்துவிட்டு ஒருமுறைகூட இரத்தம் கொடுக்காதவரை அது எப்போதுமே விட்டுவிட்டிருக்கிறது.

“பாய், இது தப்பு இல்ல. இவர நாமதான் கூப்பிட்டதே இல்ல” என்றாள் ஜியாவுல்லாவிடம்.

தணிகைவேல் கொடுத்திருந்தது வேலூர் லாங் பஜாரில் ஒரு வேர்க்கடலை மண்டியின் நம்பர். சம்பத் எக்ஸ்சேஞ்ச் வழியாக அவசர ட்ரங்க் கால் போட்டுக் கொடுத்தார். மூட்டை இறக்கிக்கொண்டிருந்த தணிகைவேல் வந்து பேசினார்.

“கேம்ப்ல பேர் குடுத்து ரெண்டு வருசம் ஆச்சு. எங்க ரத்தம் ஆவாதுன்னு உட்டுட்டீங்கன்னு நெனச்சேன். எந்த ஆஸ்பத்திரி, சொல்லும்மா.”

5

‘அவர் ஏறிய சைக்கிள் ரிக்ஷாவின் சக்கரம்...’

(கழலவில்லை. கால் மணியில் போய்ச் சேர்ந்தார். பொருத்தம் பார்த்தார்கள், சரியாக இருந்தது.)

ஜியாவுல்லா கம்பெனி வேனில் முனீரையும், லிஸ்டில் இருந்த இன்னும் இருவரையும் ஏற்றிக்கொண்டு போனார். மூன்று மணிக்கு அங்கிருந்து போன் செய்தார். இரத்தப்போக்கு நின்றுவிட்டது. சைரா கண் விழித்துவிட்டாள். பெண் குழந்தை, நன்றாக இருக்கிறது. பூரணி போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.

அப்புறம் தேதி காலியாக இருந்த எல்லாரையும் எடுத்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். மறுநாள் ஜியாவுல்லா அந்தக் காகிதத்தைப் பார்த்தார். அன்றைக்கே தபால் கார்டு வாங்கி வரச் சொல்லி, ஒவ்வொருவருக்கும் தன் கைப்பட எழுதினார்.

6

முனீரும் தணிகைவேலும் ஆஸ்பத்திரி வராந்தாவில் சந்தித்தார்கள் என்பது வரை தெரியும். என்ன பேசிக்கொண்டார்கள் என்பது பூரணிக்குத் தெரியாது, அதனால் எனக்கும். நாலு விதமாக எழுதிக் கிழித்தேன். நாலிலும் முனீர் அழுதார், எனக்கே கூச்சமாகிவிட்டது.

நீங்கள் எழுதிப் பாருங்கள். அவசரம் ஒன்றும் இல்லை, எல்லாரும் பிழைத்துவிட்டார்கள். ஒன்றே ஒன்று: தணிகைவேல் இரண்டு வருஷம் காத்திருந்தவர். முதல் வார்த்தையை அவருக்குக் கொடுங்கள்.