ஆடி கழியட்டும்

1

இந்தக் கதை எனக்கு ஒரு வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது கிடைத்தது. கிடைத்தது என்பதுகூடச் சரியில்லை. கேட்காமல் எடுத்துக்கொண்டு வந்தேன். போன ஆடி மாதம், திண்டுக்கல்லில், பழனி ரோட்டிலிருந்து நாலு தெரு உள்ளே தள்ளி ஒரு வீட்டின் முன்னறை. காபி கொடுத்தவர் அன்னாள் டீச்சர். அங்கே எதற்குப் போனேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். சொல்லாமல் தப்பித்துவிட முடியுமா என்றுதான் இந்தக் கதையை நாலு தடவை எழுதிப் பார்த்தேன்.

எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. எதிரில் இருப்பவர் கண் கலங்கினால் ஆறுதல் சொல்ல வாய் வராது. முதல் வரி வரும். அப்படி எனக்கு வந்தவை:

"அன்னாள் வீட்டை விற்க முடிவு செய்த அன்று வாசலில் நந்தியாவட்டை பூத்திருந்தது." [அந்த வாசலில் செடியே கிடையாது. பழைய ஸ்கூட்டர் ஒன்று நின்றது.]

"எந்த வீடும் ஒருநாள்—" [வேண்டாம். இப்படி ஆரம்பிக்கிற கதையை நானே மூடி வைத்துவிடுவேன்.]

"சிலுவைமுத்து சாருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது."

இது இருக்கட்டும்.

2

சிலுவைமுத்து சாருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. முப்பது வருஷம் பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதிய டிரில் மாஸ்டர் அவர். மனைவி அன்னாள் அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். இருவரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். மகள் ஐரின் கல்யாணமாகி பெங்களூரில் இருக்கிறாள். வந்துவிடுங்கள் என்று கூப்பிடுகிறாள். சார் போவதாக இல்லை.

கண்ணில் அழுத்தம், ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வரும், மிஞ்சிப்போனால் ஒன்றரை வருஷம் என்று மதுரையில் டாக்டர் சொன்னார். பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். கொடைரோடு தாண்டியதும் சார் அன்னாளிடம் சொன்னார்.

"காலைல பூசைக்குத் தனியாப் போய் வரணும் அன்னாள். அது ஒண்ணுதான் எனக்கு. கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போன்னு தெனமும் ஒன்கிட்ட நிக்க என்னால ஏலாது."

அவர்கள் வீட்டுக்கும் மாதா கோயிலுக்கும் நடுவில் பழனி ரோடு. ஒட்டன்சத்திரத்திலிருந்து காய்கறி லாரிகள் வருகிற ரோடு. கண் தெரிகிறவர்களே அங்கே நின்று நின்றுதான் கடக்கவேண்டும்.

அந்த மே மாதம் கோயிலுக்குப் பின்சந்தில் ஒரு சின்ன வீடு விலைக்கு வந்தது. தரையோடு தரையாக இரண்டு அறை. வாசலில் இறங்கி வலது கையால் சுவரைத் தொட்டபடியே போனால் கோயிலின் பக்கவாசல் வந்துவிடும். ரோடே இல்லை. வீட்டுக்காரன் ஸ்டீபன்ராஜ் அன்னாளிடம் மூன்றாம் வகுப்பு படித்தவன், இப்போது தோகாவில் வேலை. மே மாதம் ஊருக்கு வந்தவன் முன்பணம் வாங்கிக்கொண்டு ஒப்பந்தம் போட்டான். ஆகஸ்டில் பத்து நாள் லீவில் திரும்ப வருவான், அதற்குள் கிரயம் முடியவேண்டும். தங்கள் வீட்டை விற்றால்தான் அன்னாளால் மீதியைக் கொடுக்க முடியும்.

கெடு தேதியை டீச்சரே சொல்லட்டும் என்று அவன் விட்டுவிட்டான். அன்னாள் சமையலறைச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். ஆகஸ்ட் பதினைந்து. மாதா விண்ணேற்புத் திருநாள்.

"மாதா பாத்துக்குவா," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

[குறிப்பு: அது கோயிலில் கொடுத்த காலண்டர். தபசுகாலம் முழுக்க ஊதா நிறத்தில் இருக்கும். அந்த நாற்பது நாளில் கல்யாணம் வைக்கக்கூடாது என்று அன்னாளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஆடி மாதம் அந்தக் காலண்டரில் எந்த நிறத்திலும் இல்லை.]

3

வைகாசியில் நாலு பேர், ஆனியில் ஆறு பேர் வந்து பார்த்தார்கள். ஒருவருக்கு வாசல் திசை பிடிக்கவில்லை. ஒருவர், வாசல் நிலைக்கு மேலே பதித்திருந்த சிலுவையைக் காட்டி, சுவர் விரிசல் விடாமல் பெயர்க்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்று அன்னாள் சொன்னார். சொன்ன வாய்க்காக அன்றைக்குப் பூசையில் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

ஆடி பிறந்தது. வாசலில் ஒரு செருப்புச் சத்தம் இல்லை.

தரகர் ஜெகபர் அலி தலையில் கைவைத்துக்கொண்டார். "தேதி போடுறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல டீச்சர்? நீங்களும் ஆடி பாக்கமாட்டீக, நானும் பாக்கமாட்டேன். வாங்குறவுக பாப்பாகள்ல? ஆடி மாசம் எனக்கே பொழப்புக் கெடையாது. வீட்டுல படுத்துக் கெடப்பேன்."

"இதை எப்படி நான் மறந்தேன் பாய்?" என்றார் அன்னாள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். வருஷா வருஷம் ஆடித் தள்ளுபடியில் புடவை எடுக்கிறவர்.

சாருக்கு இந்தக் கவலை எதுவும் ஏறவில்லை. ஸ்டீபன்ராஜ் சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தான். தினமும் சாயங்காலம் ஆட்டோவில் அந்தக் காலி வீட்டுக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நடந்தார். "கேட்டுலருந்து வாசல் ஒம்போது. வாசல்லருந்து கட்டில் பதினொண்ணு." கட்டில் இன்னும் வரவில்லை, வரப்போகிற இடம். "கோயில் பக்கவாசலுக்கு நூத்திநாலு."

"கிரயம் முடியட்டும்ங்க. அப்புறம் நடக்கலாம்," என்று அன்னாள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்.

"கொஞ்சமாச்சும் தெரியும்போதே மனப்பாடம் பண்ணிரணும். அப்புறம் பாடம் ஏறாது."

எண்ணிக்கை சரியாக வந்த அன்று அவர் பழைய டிரில் மாஸ்டராக மார்பை நிமிர்த்தி நின்றார்.  வாங்காத வீட்டை இந்த மனிதர் இப்படி உடம்பில் ஏற்றிக்கொள்கிறாரே என்று அன்னாள் பயந்தார். நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை.

4

இங்கே ஒரு ஆள் தேவைப்பட்டான். பொன்னுத்துரை என்று பெயர் வைத்தேன். ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் மண்டி. விரலில் கல் வைத்த மோதிரம். ஆடி பன்னிரண்டாம் தேதி மனைவியோடு வந்தான். எல்லா அறையையும் பார்த்தான், குழாயைத் திறந்து பார்த்தான், பின்வாசலில் இறங்கி ஏறினான். காபியையும் குடித்தான்.

"வீடு நல்லாத்தானுங்க இருக்குது. ஆடி கழியட்டுமுங்க. ஆவணி ஒண்ணாந்தேதி அட்வான்ஸோட வந்தர்றனுங்க."

"ஆவணி ஆகஸ்ட் பதினேழுலதான் பொறக்குது சார்," என்றார் அன்னாள். "எங்களுக்குப் பதினஞ்சு கெடு. ரெண்டே நாளுதான் இடிக்குது. பெரிய தொகை வேணாம். பேருக்கு ஒரு அட்வான்ஸ் குடுத்து ஒப்பந்தம் போட்டீகன்னாலே அதைக் காட்டி நான் பொரட்டிக்குவேன்."

"பெரியவங்க சொல்லி வெச்சதுங்க. மீற முடியுங்களா?"

அன்னாளின் கண் கலங்கியது. டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எழுதி முடித்துப் படித்தேன். பொன்னுத்துரை ஒட்டவில்லை. மண்டிக்காரன் இப்படிப் பேசமாட்டான். அழுகுகிற பொருளோடு பிழைக்கிறவன் அவன். தக்காளி வண்டி வந்து நின்றால் பத்து நிமிஷத்தில் விலையை முடிப்பான். வீடு பிடித்திருந்தால் ஆடியாவது ஒன்றாவது என்று அங்கேயே பையைத் திறந்திருப்பான்.

மோதிரம் பொய். மண்டி பொய். அந்தப் பேச்சு மட்டும் நிஜம். நெய்க்காரப்பட்டிப் பேச்சு. என்னுடையது.

5

வீடு பார்க்கப் போனவன் நான்.

[என் மனைவி ஆனந்திதான் ஆடியில் வேண்டாம் என்று பிடிவாதம்—]

இல்லை. ஆனந்தி அன்றைக்குப் பைக்கில் திரும்பும்போது என் காதருகே சொன்னது இது: "பாவங்க, அவசரத்துல இருக்கறாங்க. வீடும் நல்லா இருக்குது. இப்பவே குடுத்தர்லாங்க."

ராகுகாலத்தைக் கிண்டலடித்துப் பத்திரிகையில் கட்டுரை எழுதியவன் நான். ஆனந்தி அதையும் ஞாபகப்படுத்தினாள்.  வீடு பார்க்கப் போகிற வழியிலேயே ஜெகபர் அலி கெடு விஷயத்தைச் சொல்லியிருந்தார், நல்லெண்ணத்தில்தான். கெடு தாண்டினால் அந்த அம்மாள் விலையில் இறங்கித்தான் ஆகவேண்டும் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன். கணக்கை வெளியே சொல்ல முடியாது. ஆடியைச் சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. அழித்துவிட்டுப் பொன்னுத்துரையையே திரும்பக் கொண்டுவந்து நிறுத்தலாமா என்று இந்த நிமிஷமும் தோன்றுகிறது.

6

ஆகஸ்ட் பதிமூன்றாம் தேதி அன்னாள் ஸ்டீபன்ராஜைப் பார்க்கப் போனார்.

"தம்பி, ரெண்டு நாளு பொறுத்துக்கப்பா. ஆவணி பொறந்ததும் ஒருத்தர் வாரேன்னிருக்காரு."

"பதினாறாந்தேதி எனக்கு பிளைட்டு டீச்சர். பதினஞ்சு பத்திர ஆபீஸ் லீவு. நாளைக்குள்ள முடிச்சாத்தான் உண்டு. வேற ஒருத்தர் ரொக்கத்தோட நிக்கிறாரு. நீங்கன்றதால இம்புட்டு நாள் அவரை நிறுத்தி வச்சேன்." அவன் அழுதுவிட்டான் என்று அன்னாள் பிற்பாடு எங்களிடம் சொன்னார். முன்பணத்தை முழுசாகத் திருப்பிக் கொடுத்தான். திட்டுவதற்கு ஒரு ஆள்கூட அன்னாளுக்கு மிஞ்சவில்லை.

பதினைந்தாம் தேதி திருநாள் பூசையில் எல்லாரும் பாடினார்கள். அன்னாள் வாயைத் திறக்கவில்லை. மாதாவின் மேல் கோபமா என்று ஆனந்தி கேட்டதற்கு, "அவ என்னம்மா பண்ணுவா, தேதி பாத்தது நாந்தானே," என்றார்.

ஆவணி ஒன்றாம் தேதி நான் சொன்னபடி போனேன். குறைத்துக் கேட்டேன். அன்னாள் பேரம் பேசவில்லை. கோயில் பக்கம் வேறு ஏதாவது அமையும், கையில் பணம் இருந்தால்தான் முடியும் என்ற நம்பிக்கையில் விற்றார். இதுவரை அமையவில்லை.

சாவி கொடுத்த அன்று சார் என் குரல் வந்த பக்கம் திரும்பினார். "பின்வாசல்ல மூணு படி தம்பி. நடுப்படி மட்டும் ஒசரம் சாஸ்தி. பாத்து எறங்குங்க," என்றார். அவருக்கு என் மேல் ஒரு வருத்தமும் இல்லை. ஆடி பார்க்கிறவன் என்று மதித்திருந்தார்.

7

முடிவுகள்.

ஒன்று: ஸ்டீபன்ராஜின் விமானம் இரண்டு நாள் தள்ளிப்போகிறது. [எழுதிப் பார்த்தேன். எனக்கு மட்டும்தான் நிம்மதியாக இருந்தது.]

இரண்டு: அந்தச் சின்ன வீட்டை வாங்கியவர் நல்லவர். சார் நடந்து பழகியதைக் கேள்விப்பட்டு, வாருங்கள், இங்கேயே குடியிருங்கள் என்று— [அவரை நான் பார்த்ததுகூட இல்லை. என் பாவத்துக்கு அவர் எதற்கு நல்லவராக வேண்டும்?]

மூன்று: நான் ஆனந்தியோடு போய் நடந்ததைச் சொல்லி, குறைத்த பணத்தைக் கொடுத்து, மன்னிப்புக் கேட்கிறேன். இது இன்றைக்கும் நடக்கக்கூடிய முடிவு. அதனாலேயே இதை என்னால் எழுத முடியவில்லை.

இதுவரை எழுதியதை ஆனந்தி படித்தாள். "உங்களுக்கு எரக்கம் வந்ததெல்லாம் பத்திரம் முடிஞ்ச பொறவுதானுங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

போன வாரம் ஜெகபர் அலியைப் பார்த்தேன். டீச்சரும் சாரும் கோயில் பின்சந்திலேயே வாடகைக்கு இருக்கிறார்களாம். கீழே கிடைக்கவில்லை, மாடி போர்ஷன். வெளிப்பக்கமாக ஏறுகிற படி, கைப்பிடி கிடையாது. சாருக்கு இப்போது வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறதாம். காலையில் டீச்சர் கையைப் பிடித்து இறக்கிப் பூசைக்குக் கூட்டிப்போகிறாராம்.

"எத்தனை படி பாய்?" என்றேன்.

"யாரு எண்ணுனா?" என்றார்.

அந்தச் சந்து எனக்கு நடந்தால் பத்து நிமிஷம். இன்னும் போகவில்லை. வாசலுக்கு மேலே அந்தச் சிலுவையை நான் பெயர்க்கவில்லை. அதை ஒரு நல்ல காரியமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன், சொல்லவும் வாய் வரவில்லை. பின்வாசல் நடுப்படியில் நான் இன்றைக்கும் தடுக்குகிறேன். கொத்தனாரைக் கூப்பிட்டுச் சரிசெய்யச் சொல்கிறாள் ஆனந்தி. இருக்கட்டும் என்கிறேன்.

நீங்கள் போகலாம். கோயிலுக்குப் பின்சந்து, இடது கைப்பக்கம் மூன்றாவது வீடு, மாடி. படி எத்தனை என்று சாரிடமே கேளுங்கள், இந்நேரம் எண்ணி வைத்திருப்பார். அவர் சொல்கிற எண்ணிக்கையை இங்கே எழுதிக்கொள்ளுங்கள்: